டீச்சரம்மா பதில்கள்: ஏழு தலை, பத்துக் கொம்பு

போன இதழில், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான, யோவான் கண்ட தரிசனங்களைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலும் எழுதினேன், தபால்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டார். பாதிக் கடிதங்களில் பயம், மீதியில் என்மேல் கோபம். மற்ற கேள்விகளுக்கு அடுத்த மாதம் பதில் உண்டு. இந்த முறை அந்தப் புத்தகத்தில் வரும் கொடிய மிருகமும் அதன் முத்திரையும்தான்.

சாத்தான்குளம் வாசகர்: ஆதார் அட்டைதான் மிருகத்தின் முத்திரைக்கு முதல் படி, கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு இரண்டாவது படி என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் பிரசங்கித்தார்கள். அன்றிலிருந்து என் மாமியார் ரேஷன் கடையில் கைரேகை வைக்க மறுக்கிறார். எப்படிப் புரிய வைப்பது?

முதலில் அரிசியை வாங்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் சோப்பு உறையில் இருந்த கறுப்புக் கோடுகள்தான் முத்திரை என்றார்கள். பிறகு கம்ப்யூட்டர் என்றார்கள். கொரோனா தடுப்பூசி வந்தபோது ஊசிக்குள் இருக்கிறது என்றார்கள். பொருளை மாற்றிக்கொண்டே வந்தார்கள், பிரசங்கத்தை மட்டும் மாற்றவில்லை.

மாமியாரோடு உட்கார்ந்து 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசியுங்கள். வலது கையிலாவது நெற்றியிலாவது முத்திரை, அது இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது, இலக்கம் 666. கூட்டங்களில் வழக்கமாக அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் மூடாதீர்கள். அடுத்த வசனம் 14:1. ஆட்டுக்குட்டியானவரோடு, அதாவது கிறிஸ்துவோடு, நிற்கிறவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது என்கிறது அது. அந்த எழுத்தை எந்த ஸ்கேனர் படிக்கும் என்று யாராவது கேட்டதுண்டா? இந்த நெற்றியில் இருப்பது அடையாளம், அந்த நெற்றியில் இருப்பது மட்டும் சிப் என்றால் அது என்ன நியாயம்?

கையும் நெற்றியும் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தவை. கர்த்தருடைய வார்த்தைகளை உன் கையின்மேல் அடையாளமாகக் கட்டு, உன் கண்களின் நடுவே அவை ஞாபகக்குறியாக இருக்கட்டும் என்கிறது உபாகமம் 6:8. செய்கிற கையும் நினைக்கிற நெற்றியும் யாருக்குச் சொந்தம் என்பதுதான் விஷயம்.

கொள்ளல் விற்றல் என்பதும் அன்றைக்குக் கண்முன் நடந்த சங்கதி. யோவான் எழுதிய ஏழு சபைகளில் ஒன்று இருந்த தியத்தீராவில் தொழிலுக்கு ஒரு சங்கம் இருந்தது. சாயக்காரருக்கு ஒன்று, தோல் பதனிடுகிறவருக்கு ஒன்று. அப்போஸ்தலர் 16-இல் வரும் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் அந்த ஊர்க்காரிதான். சங்கத்து விருந்தோ விக்கிரகத்துக்குப் படைத்த விருந்து. போகாவிட்டால் தொழில் படுத்துவிடும். பக்கத்துப் பெர்கமுவில் கி.மு. 29-இலேயே ரோமப் பேரரசன் அகஸ்துராயனுக்குக் கோயில் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். ராயனைக் கும்பிடாதவன் அங்கே எத்தனை நாள் கடை நடத்த முடியும்?

இனி இலக்கம். எபிரெயத்தில் எழுத்துகளே எண்கள், நம் பழைய ஏடுகளில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று இருந்ததைப்போல. நீரோ ராயன் என்ற ரோமப் பேரரசனின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நீரோவின் பெயரை லத்தீன்காரர் சொல்லும் விதமாக எழுதினால் 50 மதிப்புள்ள ஓர் எழுத்து குறைந்து 616 ஆகிறது. இரண்டு கணக்குக்கும் ஒரே ஆள் பொருந்துவதால்தான் வேத அறிஞர்களில் அநேகர் நீரோவைக் காட்டுகிறார்கள். அவன் கி.பி. 68-இலேயே செத்துப்போனான். யோவான் தரிசனம் கண்டது தொமீத்தியன் ராயன் ஆட்சியின் கடைசியில், அதாவது 95 வாக்கில், என்பது இரண்டாம் நூற்றாண்டுப் பேராயர் இரேனியு காலத்திலிருந்து வரும் சபைச் சாட்சி. செத்தவன் பெயர் எதற்கு? நீரோ திரும்பி வருவான் என்ற வதந்தி அப்போது ஊர் ஊராக உலவியது. வேறு முகத்தோடு வந்தேவிட்டான் என்றால் சபையாருக்கு உடனே பிடிபட்டிருக்கும்.

மாமியாரின் பெருவிரலுக்கு ஒன்றும் ஆகாது. கடைக்கு இரண்டு கணக்கு எழுதுகிற கை, பெண் வீட்டாரிடம் எத்தனை பவுன் கேட்கலாம் என்று யோசிக்கிற நெற்றி, சபைத் தேர்தலில் சாதியைப் பார்த்து ஓட்டுப் போடுகிற விரல், இவற்றைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஏதாவது சொன்னார்களா?

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: கடவுள் ஏன் விடுகதை போடுகிறார், டீச்சர்? நேராகச் சொன்னால் என்ன?

கேட்டவர்களுக்கு அது விடுகதையாக இருக்கவில்லை, மகளே. தேர்தல் சமயத்தில் முருகன்குறிச்சிப் பக்கம் சுவரைப் பார். உதயசூரியன், இரட்டை இலை, கை, தாமரை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எது யாருடையது என்று சொல்லிவிடும். இருநூறு வருஷம் கழித்து எங்கோ ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஒரு சாரார் சூரியனையும் மற்றொரு சாரார் இலையையும் கும்பிட்டார்கள் என்று புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும்? நாம் செய்வது கிட்டத்தட்ட அதுதான்.

ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்குத் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளான தானியேல் தெரியும், எசேக்கியேல் தெரியும். தானியேல் 7-இல் சிங்கம், கரடி, சிவிங்கி, பத்துக் கொம்புள்ள இன்னொன்று என நாலு மிருகங்கள், நாலு ராஜ்யங்கள். வெளிப்படுத்தல் 13-இல் ஒரே மிருகத்துக்குச் சிவிங்கி உடம்பு, கரடிக் கால், சிங்க வாய். நாலு ராஜ்யத்தின் கொடுமையும் ஒரே ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது என்று கேட்டவுடனே அவர்களுக்குப் புரிந்திருக்கும். போதாததற்கு யோவானே பல இடங்களில் அர்த்தம் சொல்லிவிடுகிறார். நட்சத்திரமும் குத்துவிளக்கும் என்ன என்று 1:20-இல் இருக்கிறது, தண்ணீர்கள் என்ன என்று 17:15-இல் இருக்கிறது. நாமோ எசேக்கியேலைப் புரட்டாமல் தினசரியைப் புரட்டுகிறோம்.

மணப்பாடு வாசகி: எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடல் தொழில். புதிய வானமும் புதிய பூமியும் வந்தபின் கடல் இராது என்று பூசையில் வாசித்தார்கள். என் மாமனார் அன்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார். "கடல் இல்லாத மோட்சத்தில் எனக்கு என்ன வேலை?" என்கிறார்.

இத்தனை கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் அம்மா. (நீங்கள் திருவெளிப்பாடு என்கிறீர்கள், நாங்கள் வெளிப்படுத்தின விசேஷம் என்கிறோம். புத்தகம் ஒன்றுதான்.) அந்த வசனத்தை மேடையில் வாசித்துத் தாண்டிப் போகிறவர்கள் கரையை விட்டுத் தள்ளி வளர்ந்தவர்கள். நானும் தேரிக்காட்டுப் பிள்ளைதான். எனக்குக் கடல் என்றால் செப்டம்பரில் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாக் கூட்டத்தோடு வந்து கால் நனைத்துவிட்டுப் போவது. உங்கள் மாமனாருக்கு அது சோறு. அதனால் வசனம் அவருக்கு உறைத்திருக்கிறது.

யோவான் எங்கிருந்து எழுதினார் என்று பாருங்கள். பத்மு என்ற சின்னத் தீவு. தண்டனையாக அங்கே இருந்தார். எதிர்க்கரையில் எபேசு, அதற்குப் பின்னால் மற்றச் சபைகள். அவருக்கும் அவர் ஜனங்களுக்கும் நடுவே ராத்திரி பகலாகக் கிடந்தது அந்தக் கடல்தான். அவருடைய முன்னோர்களும் கடலோடிகள் அல்ல. வேதத்தில் அவர்கள் கடலைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் பயம் இருக்கும். தானியேல் கண்ட நாலு மிருகங்களும் கடலிலிருந்தே ஏறி வந்தன. 13-ஆம் அதிகாரத்து மிருகமும் கடலிலிருந்தே எழும்புகிறது. ரோமாபுரியின் படையும் வரி வாங்குகிறவனும் கப்பலில்தான் வந்து இறங்கினார்கள். ஆக அந்தப் புத்தகத்தில் கடல் என்பது பொல்லாங்கு கிளம்பி வரும் இடம், மனிதரைப் பிரிக்கிற சுவர், பெயர் எழுதாத கல்லறை. இராது என்றது இந்த மூன்றையும்.

இன்னொன்றையும் மாமனாருக்குச் சொல்லுங்கள். கடல் இல்லாமற்போகிறது என்பது 21:1. அதற்குச் சற்று முன்னால் 20:13-இல், கடல் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புக்கொடுத்தது என்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஐ நம் கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் தொழிலுக்குப் போய்க் கரை சேராதவர்கள் ஒவ்வொரு கடலோர ஊரிலும் உண்டு. அந்தப் பெயர்கள் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். கடல் யாரையும் வைத்துக்கொண்டு போகவில்லை. வாங்கிய ஒவ்வொருவரையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

கடவுளுக்குக் கடல்மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. சமுத்திரம் அவருடையது, அவரே அதை உண்டாக்கினார் என்கிறது சங்கீதம் (எங்கள் எண்ணிக்கையில் 95). அவருடைய சிங்காசனத்துக்கு முன்பாகவே ஒரு கண்ணாடிக் கடல் இருக்கிறது, 4:6-இல். உயிர்த்தெழுந்த ஆண்டவரும் கரையில் தீ மூட்டி மீன் சுட்டு வைத்துவிட்டு, நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்றுதானே கேட்டார்? அப்படிப்பட்டவர் உங்கள் மாமனாரைச் சும்மா உட்கார வைப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். இந்தக் கடைசி வரி என் அபிப்பிராயம், வசனம் அல்ல.

வள்ளியூர் வாசகர்: பரலோகத்துக்கு இலட்சத்து நாற்பத்துநாலாயிரம் பேர்தான் போவார்களாமே?

12 கோத்திரம், கோத்திரத்துக்கு 12,000. ஒருவரும் விட்டுப்போகவில்லை என்று சொல்லும் எண் அது. யோவான் 7:4-இல் அந்தத் தொகையைக் காதால் கேட்கிறார். 7:9-இல் கண்ணால் பார்க்கும்போது, ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டம் நிற்கிறது. ஐந்தாம் அதிகாரத்திலும் இப்படித்தான்: சிங்கம் என்று கேட்டார், பார்த்தால் ஆட்டுக்குட்டி. கேட்டதற்கு அர்த்தம் பார்த்ததில் இருக்கிறது.

திசையன்விளை வாசகி: கடைசி வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற என் மகன், இயேசுவின் வருகை சமீபம், படித்து என்ன ஆகப்போகிறது என்று பரீட்சைக்கே போகவில்லை. அவன் போகும் ஊழியத்துக்கு அரை ஏக்கர் நிலத்தை எழுதிக்கொடுக்கலாம் என்று அவன் அப்பாவையும் பேசிச் சரிக்கட்டிவிட்டான்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே உலகம் முடியும் என்கிறவருக்கு இன்றைக்கு உங்கள் அரை ஏக்கர் எதற்கு?

பையனைத் திட்டாதீர்கள். இருபது வயதில் இவ்வளவு தீவிரமாக எதையாவது நம்புகிறானே என்று கொஞ்சம் சந்தோஷப்படுங்கள். ஆனால் அவன் வியாதி பழையது. தெசலோனிக்கேயாவில் இதே கதை. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கினவர்கள் இருந்தார்கள், வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தவர்களும் இருந்தார்கள். பவுல் இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் பதில் எழுதினார்: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்த மனிதர் எழுதியது இது.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேலின் எண்களைக் கூட்டிக் கழித்து வருகையை எதிர்பார்க்க வைத்தார். அவர் பின்னால் போனவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டார்கள். விடிந்தது, 23-ஆம் தேதி வந்தது. நம் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1870-களின் எழுப்புதலில் கிளம்பிய ஒரு கூட்டம் 1881-இல் வருகை என்றது. அந்த வருஷமும் மற்ற வருஷங்களைப்போலக் கழிந்தது. 2011-இல் ஹரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் மே 21 என்றார். அதை உங்கள் மகனே கூகுளில் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36-இல் அச்சாகியே இருக்கிறது. அதை வாசித்துவிட்டும் தேதி சொல்கிற தைரியம் எங்கிருந்துதான் வருகிறதோ.

அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். மத்தேயு 24-ஐ முடித்த கையோடு 25-ஐயும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். எஜமான் வரும்போது பாக்கியவானாகக் காணப்படுகிறவன் யார்? வீட்டாருக்கு வேளாவேளை சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த வேலைக்காரன். திட்டு வாங்குகிறவன் யார்? கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்தவன். எழுதாமல் விட்ட பேப்பர் எந்தக் கணக்கில் சேரும் என்று அவனே சொல்லட்டும்.

ஏரல் வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளம் முடிவின் அடையாளமா?

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பயந்ததில் தப்பில்லை. ஆனால் யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு ஆண்டவர் சொன்னது, முடிவு உடனே வராது, இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்று. 1876 முதல் 78 வரை நம் சீமையில் பெரும் பஞ்சம். ஆயிரக்கணக்கானோர் அப்போதுதான் சபையில் வந்து சேர்ந்தார்கள், கால்டுவெல் 1877-இல் பேராயரானதும் அதே பஞ்சத்தின் நடுவில்தான். அதுதான் முடிவு என்று நினைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் நாம்.

ஆறாம் அதிகாரத்துக் கறுப்புக் குதிரைக்காரன் கையில் தராசு இருக்கிறது. ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை என்று ஒரு சத்தம். ஒரு பணம் அன்றைய ஒரு நாள் கூலி, ஒரு படி ஓர் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. பெண்டாட்டி பிள்ளைக்கு? அதே சத்தம், எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்கிறது. கூலிக்காரன் பட்டினி, பணக்காரன் பந்திக்குக் குறைவில்லை. எந்தக் கஷ்டகாலத்திலும் யாருடைய எண்ணெய் சிந்தாமல் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது அந்தத் தரிசனம். வெள்ளத்துக்கும் அப்படிக் கேளுங்கள். குளத்துக்குள் பிளாட் போட்டது யார், ஓடையை மறித்தது யார், மண்ணை அள்ளியது யார்? பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் என்று 11:18-இல் ஒரு வரி உண்டு. எந்தத் தீர்க்கதரிசன மாநாட்டு நோட்டீசிலும் அதை நான் பார்த்ததில்லை.

தூத்துக்குடி வாசகர்: மகா பாபிலோன் என்பது அமெரிக்காவா, ஈராக்கா?

முதலில் ரோமாபுரி. கி.மு. 586-இல் எருசலேம் ஆலயத்தை இடித்தது பாபிலோன், கி.பி. 70-இல் இடித்தது ரோமாபுரி. அதனால் யூதர்கள் ரோமாபுரியைப் பாபிலோன் என்றே சொன்னார்கள்.

பாபிலோனை ஒரு பெண்ணாகவே யோவான் சொல்கிறார், 18-ஆம் அதிகாரத்தில் அவளுடைய சரக்குப் பட்டியல் இருக்கிறது. பொன், வெள்ளி, இரத்தினம், அடுத்தது முத்து. அந்த முத்தில் நம் பங்கும் உண்டு. அந்த நூற்றாண்டில் ரோமாபுரிக்கு முத்து போன கரைகளில் பாண்டியரின் கொற்கையும் ஒன்று. உங்கள் ஊரிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரம்தான். இந்தியச் சரக்குக்கு வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போகிறதே என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். அதே நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. யோவானின் பட்டியலோ பொன்னில் தொடங்கி, அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள் என்று முடிகிறது. சீமாட்டி கழுத்தில் முத்து, அதற்காக இங்கே ஒருவன் மூச்சடக்கி அடியில். அவளுக்காக அழுகிறவர்களும் ராஜாக்களும் வியாபாரிகளும் கப்பல்காரர்களும்தான். முத்தும் கடைசியில் குப்பைக்குப் போகவில்லை. புதிய எருசலேமின் பன்னிரண்டு வாசல்களும் பன்னிரண்டு முத்து, அதுவும் எல்லாரும் நடந்து போகிற வாசலில்.

அமெரிக்காவா என்று கேட்டீர்கள். ஆத்துமாவைச் சரக்கோடு சேர்த்து விலை போடுகிற ஊர் எதுவோ அது. தேட வெளிநாடு போக வேண்டாம்.

நாசரேத் வாசகர்: கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சி நிஜமா? விசுவாசிகளை எடுத்துக்கொள்ள அவர் வரும் இரகசிய வருகை எப்போது, உபத்திரவத்துக்கு முன்பா பின்பா?

இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்ற சபை எழுத்தாளர், ஆயிர வருஷத்தை அப்படியே நம்புகிறேன், ஆனால் நல்ல விசுவாசிகள் பலர் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த பேராயர் அகுஸ்தீன் அதைச் சபையின் காலம் என்றார். உபத்திரவத்துக்கு முன் இரகசிய வருகை என்ற போதனை 1830-களில் டார்பி என்ற பிரசங்கியாரால் பரவி, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகளால் ஊன்றியது. அடிக்குறிப்பு வசனம் ஆகிவிடாது. இந்தப் புத்தகத்தில் ஏழும் பன்னிரண்டும் அடையாளம் என்றால் ஆயிரமும் அப்படித்தான் என்பது என் கட்சி. நீங்கள் வேறு கட்சி என்றாலும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கலாம்.

மெஞ்ஞானபுரம், ஐந்தாம் வகுப்பு: டீச்சர், ஞாயிறு பள்ளியில் மிருகத்தை வரையச் சொன்னார்கள். ஏழு தலைக்குப் பத்துக் கொம்பை எப்படிப் பங்கு வைப்பது?

நல்ல கேள்வி. வேதத்தில் பங்கு சொல்லவில்லை. மூன்று தலைக்கு இரண்டிரண்டு, நாலு தலைக்கு ஒவ்வொன்று வைத்தால் கணக்கு சரியாக வரும். 17-ஆம் அதிகாரத்தில் தலை என்றால் மலை, ராஜா என்றும் இருக்கிறது. ரோமாபுரி ஏழு மலைமேல் இருந்த ஊர். பத்துக் கொம்பும் பத்து ராஜாக்கள். வலுசர்ப்பத்தையும் சேர்த்து வரைந்தால் அதற்குச் சிவப்பு அடி, அதுவும் ஏழு தலை, பத்துக் கொம்புதான். கிரீடத்தில் மட்டும் கவனமாக இரு. வலுசர்ப்பத்துக்குத் தலையில் ஏழு, மிருகத்துக்குக் கொம்பில் பத்து. உங்கள் சாருக்கே இது தெரியாமல் இருக்கலாம், 12:3-ஐயும் 13:1-ஐயும் காட்டு.